மனத்தில் தேங்கும் நிலுவைகள்

‘டென்ஷன்’ என்னும் சொல் இன்று தமிழிலும் மலையாளத்திலும் ஒன்றே. திருவனந்தபுரத்திலுள்ள எங்கள் கிளையின் முகப்பில் அமர்ந்து ஒரு மணி நேரம் காது கொடுத்துக் கேட்டால், இரு மொழியினர் வாயிலும் அது எத்தனை முறை வருகிறது என்பது புலப்படும். மகளின் கல்லூரிக் கட்டணத்திற்கு இன்று கடைசி நாள். வீட்டுக் கடன் தவணை பிடிக்கப்படும் நாளில் கணக்கில் இருப்பு போதவில்லை. கைபேசியில் வந்த ஒரு குறுஞ்செய்தி உண்மையா பொய்யா என்று தெரியவில்லை. பெருந்துன்பங்கள் என்று இவற்றைச் சொல்ல இயலாது. எனினும் நாள்தோறும் மனிதரை அரிப்பவை இவையே.

இதற்கு மருந்து கூறுவோர் பெருகியுள்ளனர். மலையுச்சி விடுதியில் மூன்று நாள் முகாம், மாதச் சந்தா கட்டித் தியானம் பழகும் கைபேசிச் செயலி, நறுமண எண்ணெய், வண்ணம் தீட்டும் புத்தகம் எனச் சந்தை விரிந்துகொண்டே போகிறது. அவற்றால் பயன் பெற்றோர் இருக்கக்கூடும், நான் மறுக்கவில்லை. ஆயினும் வணிகவியல் படித்து இருபது ஆண்டுகளாகப் பிறருடைய கணக்குகளைப் பார்த்துவரும் ஒருவனுக்கு வேறொரு கருத்து உண்டு. அன்றாட மன அழுத்தத்தின் பெரும்பகுதி, முடிக்கப்படாமல் கிடக்கும் சிறு காரியங்களின் சுமையே. வங்கி மொழியில் சொன்னால், நிலுவை. நிலுவையைக் குறைக்காமல் மனத்தை மட்டும் அமைதிப்படுத்த முயல்வது, அசலைக் கட்டாமல் வட்டியை மட்டும் கட்டிவருவதற்கு ஒப்பாகும்.

அழுத்தம் என்பது மனத்தில் மட்டும் நிகழ்வதன்று. ஹான்ஸ் செலியே என்னும் அறிவியலாளர் 1936ஆம் ஆண்டு மான்ட்ரியல் நகரிலிருந்து ‘நேச்சர்’ இதழுக்கு ஒரு சிறு குறிப்பை எழுதினார். குளிர், காயம், மருந்து எனத் தீங்கு எவ்வகையாயினும் எலிகளின் உடல் ஏறத்தாழ ஒரே விதமாகவே எதிர்வினை காட்டியது என்பதே அதன் சாரம். காரணம் சிறிதா பெரிதா என்று உடல் ஆராய்ந்துகொண்டிருப்பதில்லை. தவறவிட்ட தவணையும் தெருநாயின் பாய்ச்சலும் நெஞ்சுத் துடிப்பைக் கூட்டுவதில் ஒன்றையொன்று ஒத்தவை. நாய் சற்று நேரத்தில் போய்விடும். தவணை போகாது என்பதே வேறுபாடு.

கணினி வருவதற்கு முன் வங்கியில் பணியாற்றிய மூத்தவர்கள் ஒரு வழக்கத்தைப் பற்றிச் சொல்வார்கள். அன்றைய பற்றும் வரவும் நேராகும் வரை ஒருவரும் வீட்டிற்குப் போக முடியாது. ஐம்பது காசு வேறுபாட்டிற்காக இரவு ஒன்பது மணி வரை பேரேட்டைப் புரட்டியதுண்டாம். கொடுமை என்றே எனக்குத் தோன்றியது. ஆனால் அவர்கள் அனைவரும் தவறாமல் சேர்த்துச் சொல்லும் ஒரு வாக்கியம் உண்டு: கணக்கு நேரானபின் வீட்டுக்குப் போனால் அலுவலக நினைவே வராது. இன்று கணினி நொடியில் கணக்கை முடிக்கிறது, நாம்தாம் முடிப்பதில்லை.

இதற்கு ஆய்வுச் சான்றும் உள்ளது. அமெரிக்காவின் பெய்லர் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்கல்லினும் அவர்தம் குழுவினரும் 57 இளைஞர்களை உறக்க ஆய்வகத்தில் தங்கவைத்துச் செய்த சோதனையின் முடிவு 2018இல் வெளியாயிற்று. படுக்கைக்குப் போகுமுன் ஐந்து நிமிடம், ஒரு சாரார் வரும் நாள்களில் செய்யவேண்டியவற்றை எழுதினர். மற்றொரு சாரார் முடித்த வேலைகளை எழுதினர். செய்யவேண்டியவற்றை எழுதியவர்களே விரைவில் உறங்கினர். ஏறத்தாழ ஒன்பது நிமிடம் முன்னதாக. வேலை எதுவும் அந்த இரவில் முடிந்துவிடவில்லை. தாளில் ஏறிய அளவிற்கு மனத்திலிருந்து இறங்கியது, அவ்வளவே. விவரமாக எழுதியவர்கள் இன்னும் விரைவாக உறங்கினர் என்பதையும் குறிப்பிட வேண்டும். ‘வங்கி வேலை’ என்று எழுதுவதைவிட ‘வியாழக்கிழமை காலை, நிரந்தர வைப்புத் தொகையைப் புதுப்பிக்க வேண்டும், ரசீதை எடுத்துச் செல்லவேண்டும்’ என்று எழுதுவது நன்று.

சில நிலுவைகள் நம்மோடு முடிவதில்லை. வீட்டாரின் மேல் விழுகின்றன. சில ஆண்டுகளுக்குமுன் ஓர் அம்மையார் எங்கள் கிளைக்கு வந்தார். கணவர் இறந்து மூன்று வாரங்களே ஆகியிருந்தன. கையில் ஒரு துணிப்பை. அதனுள் நான்கு வங்கிகளின் பாஸ்புக்குகள், மஞ்சளேறிய வைப்பு ரசீதுகள், எதற்கு உரியது என்று தெரியாத ஒரு சாவி. வரவு செலவு அனைத்தையும் கணவரே பார்த்துவந்தார். இரண்டு வைப்புகளில் வாரிசு நியமனம் இல்லை. சட்டப்படியான வாரிசுச் சான்றிதழ், உறுதிமொழிப் பத்திரம், வெளிநாட்டிலுள்ள மகனின் கையொப்பம் என ஒவ்வொன்றாகக் கேட்டுப் பெறவேண்டியிருந்தது. ஐந்தாறு முறை வந்து சென்றார். ஒருமுறை, படிவத்தை நிரப்பிக்கொண்டிருக்கையில் நிமிர்ந்து, “அழுவதற்குக்கூட இன்னும் நேரம் கிடைக்கவில்லை, சார்” என்றார். அவர் குறையாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னார்.

அந்தப் பை எத்தனை வீடுகளில் இருக்கிறது என்று எண்ணிப் பார்க்கிறேன். ஒரு படிவத்தில் ஒரு பெயரை எழுதச் சில நிமிடங்கள் போதும். அது எழுதப்படாததால் ஒருவருக்கு மாதக்கணக்கில் அலைச்சல். வங்கிச் சட்டத் திருத்தத்தின்படி 2025 நவம்பர் 1 முதல் ஒரு வைப்புக் கணக்கிற்கு நான்கு பேர் வரை நியமிக்கலாம்; ஒவ்வொருவருக்கும் இத்தனை விழுக்காடு என்று பிரித்தும் காட்டலாம், ஒருவருக்குப்பின் ஒருவர் என்று வரிசைப்படுத்தியும் வைக்கலாம். பாதுகாப்புப் பெட்டகத்திற்கு இரண்டாவது முறை மட்டுமே உண்டு. நியமிக்கப்பட்டவர் பணத்தைப் பெற்றுக்கொள்ளும் உரிமையுடையவர். சொத்துரிமை வாரிசுச் சட்டத்தையோ உயிலையோ பொறுத்தது. எங்கோ மறந்துபோன பழைய கணக்கு இருக்குமோ என்னும் ஐயம் உள்ளவர்களுக்கு, ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் தொடங்கிய ‘உத்கம்’ என்னும் இணையத்தளம் உதவும். உரிமை கோரப்படாத வைப்புகளைப் பல வங்கிகளிலும் ஒரே இடத்திலிருந்து தேடலாம். இவற்றோடு, எந்த வங்கியில் என்ன இருக்கிறது என்பதை ஒரு தாளில் எழுதி வாழ்க்கைத் துணையிடம் கொடுத்துவிடுதல் வேண்டும். கடவுச்சொல்லை அதில் எழுதாதீர்கள். கணக்கு எண்ணும் கிளையும் போதும். தியானத்தின் பட்டியலில் இதை ஒருவரும் சேர்ப்பதில்லை. எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே செல்வோரின் முகத்தைக் கண்டவன் நான். சேர்க்கலாம் என்றே சொல்வேன்.

நிலுவை மட்டுமே காரணம் என்று சொல்லவும் இயலாது. எவ்வளவு நேரம், எப்போது, என்ன ஆகும் என்று தெரியாமல் காத்திருப்பதும் மனிதரை வாட்டும். டேவிட் மைஸ்டர் என்னும் மேலாண்மை அறிஞர் 1985இல் வரிசையில் நிற்போரின் மனநிலை பற்றி எழுதிய கட்டுரை எங்கள் துறையில் பலரும் அறிந்தது. அளவு தெரியாத காத்திருப்பு, அளவு தெரிந்த காத்திருப்பைவிட நீளமாகத் தோன்றும் என்பது அவர் கூற்றுகளுள் ஒன்று. கிளைகளில் டோக்கன் எந்திரம் வந்தபின் இதனை நேரில் கண்டோம். வேலை நடக்கும் வேகத்தில் பெரிய மாற்றமில்லை. ஆனால் ‘எனக்கு முன் ஏழு பேர்’ என்று தெரிந்தவுடன் வாடிக்கையாளர் அமர்ந்து நாளிதழைப் பிரிக்கிறார். முன்பு அதே மனிதர் கூண்டின் முன் நின்று எழுத்தரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார், இருவருக்கும் அழுத்தம்.

நவம்பர் மாதம் வந்தால் இது இன்னும் தெளிவாகும். மத்திய அரசு ஓய்வூதியர்கள் உயிர்வாழ்ச் சான்றிதழ் அளிக்கவேண்டிய மாதம் அது. அளிக்காவிட்டால் ஓய்வூதியம் நின்றுவிடும் என்ற அச்சத்தால், முதல் தேதி காலையிலேயே கதவு திறக்குமுன் முதியவர்கள் வந்து நிற்பார்கள். முப்பது நாள் இருக்கிறது என்று சொன்னாலும் கேட்பதில்லை. எண்பது வயது கடந்தவர்கள் அக்டோபர் முதல் தேதியிலிருந்தே அளிக்கலாம். 2014 நவம்பரில் தொடங்கிய ‘ஜீவன் பிரமாண்’ வழியாக வீட்டிலிருந்தபடியே அளிக்கலாம். கைரேகை தேய்ந்துபோனவர்களுக்காகக் கைபேசியில் முகத்தைக் காட்டிச் சான்றளிக்கும் முறையும் 2021இல் வந்துவிட்டது. எழுபது வயது கடந்தவர்களுக்கு வீட்டிற்கே வந்து சேவை செய்யவேண்டுமென ரிசர்வ் வங்கி 2017இலேயே அறிவுறுத்தியுள்ளது. பேரனோ பேத்தியோ ஒரு மாலை பத்து நிமிடம் ஒதுக்கினால் ஒரு முதியவரின் ஒரு மாதக் கவலை தீரும். சிலர் அதன்பின்னும் கிளைக்கு வரவே விரும்புவார்கள். பழைய நண்பர்களைக் காண நவம்பர் ஒரு காரணம். வரட்டும், அதுவும் மன இறுக்கத்திற்கு மருந்தே.

இதுவரை கூறியவை தனிமனிதர் தாமே செய்துகொள்ளக்கூடியவை. ‘உன் அழுத்தத்தை நீயே போக்கிக்கொள்’ என்று சொல்வதோடு கடமை முடிந்தது என எண்ணும் நிறுவனங்களை நான் ஏற்பதில்லை. இந்நகரின் சாலைக் கடைத்தெருவில் நடந்து பாருங்கள். தமிழ் பேசும் கடைகளும் தமிழ்ப் பணியாளர்களும் நிறைந்த தெரு அது. துணிக்கடைகளில் காலை முதல் இரவு வரை நின்றபடியே புடவையை விரித்துக் காட்டும் பெண்கள், கெண்டைக்கால் நரம்பு புடைத்திருக்கச் சிரித்த முகத்தோடு நிற்பார்கள். அவர்களிடம் மூச்சுப் பயிற்சி பற்றிப் பேசுவது எவ்வகையில் நியாயம்? அவர்களுக்கு வேண்டியது ஒரு நாற்காலி.

அந்த நாற்காலி எளிதாக வந்துவிடவில்லை. கோழிக்கோட்டின் மிட்டாய்த் தெருவில், தையல் தொழிலாளியான பி. விஜி முன்னின்று திரட்டிய ‘பெண்கூட்டு’ என்னும் அமைப்பு, முதலில் கழிப்பறைக்காகவும் பின்னர் உட்காரும் உரிமைக்காகவும் பல ஆண்டுகள் போராடியது. கேரள அரசு 2018ஆம் ஆண்டு கடைகள், வணிக நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, பணியாளர்களுக்கு இருக்கை வசதி அளிப்பதைக் கட்டாயமாக்கியது. அதே ஆண்டு பிபிசி உலகெங்கிலும் தேர்ந்தெடுத்த நூறு பெண்களின் பட்டியலில் விஜியின் பெயர் இடம்பெற்றது. தமிழ்நாடு 2021 செப்டம்பரில் இதையொத்த திருத்தத்தைச் சட்டமன்றத்தில் நிறைவேற்றியது. 2010இல் வெளிவந்த ‘அங்காடித் தெரு’ திரைப்படத்தில் ரங்கநாதன் தெருக் கடை ஊழியர்களின் நிலையைக் கண்டு கலங்கியவர்கள், சட்டம் வர மேலும் பதினோராண்டு ஆயிற்று என்பதையும் நினைவிற்கொள்ளலாம். வாங்க வரும் நாமும் ஒன்று செய்யலாம். விற்பனைப் பெண் உட்கார்ந்திருப்பதைக் கண்டு ‘கவனிக்க ஆளில்லையா’ என்று முகம் சுளிக்காதிருக்கலாம். சட்டம் ஏட்டில் இருந்தும் இருக்கை காலியாகக் கிடப்பதற்கு அந்தச் சுளிப்பும் ஒரு காரணம். (நாற்காலியில் அமர்ந்து வேலை பார்க்கும் எங்களைப் போன்றோர்க்கு நேர்மாறான நோய், எழுந்து நடப்பதே எங்கள் மருந்து.)

நடப்பதற்கு இந்நகரம்போல் வாய்ப்பான ஊர் குறைவு. மியூசியம் வளாகத்தை அறியாத திருவனந்தபுரத்துக்காரர் இரார். உயிரியல் பூங்காவையும் சேர்த்து ஏறத்தாழ 55 ஏக்கர் பசுமை, நகரின் நடுவில். ராபர்ட் சிஸம் வடிவமைத்து 1880இல் முடிவுற்ற நேப்பியர் அருங்காட்சியகம் அதன் நடுவே நிற்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் மண்டபத்தை அமைத்தவரும் அவரே. குளிர்சாதனம் இல்லாமலே காற்று உலவும்படி கட்டப்பட்ட கட்டடம் அது. விடியுமுன்னரே அங்கே நடப்போர் கூட்டம் திரண்டுவிடும். ஓய்வுபெற்ற தலைமைச் செயலக அலுவலர், காய்கறி வியாபாரி, மருத்துவர், எங்கள் கிளைக்கு நகைக்கடன் கேட்டு வரும் ஓட்டுநர் என அனைவரும் ஒரே வட்டத்தில் ஒரே திசையில் நடக்கின்றனர். யாரும் யாரிடமும் கட்டணம் கேட்பதில்லை.

மரங்களுக்கு இத்தகைய ஆற்றல் உண்டென்பது வெறும் உணர்ச்சிப் பேச்சன்று. ரோஜர் உல்ரிக் 1984இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வில், பித்தப்பை அறுவை செய்துகொண்டு, சன்னல் வழியே மரங்களைக் காணும் அறையில் இருந்த 23 பேரும், செங்கற்சுவரை மட்டும் காணும் அறையில் இருந்த 23 பேரும் ஒப்பிடப்பட்டனர். மரங்களைக் கண்டவர்கள் விரைவில் வீடு திரும்பினர். கடுமையான வலிநீக்கி மருந்துகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், இயற்கைச் சூழலில் 20 முதல் 30 நிமிடம் இருப்பதே கார்ட்டிசால் என்னும் அழுத்த இயக்குநீரைக் குறைப்பதில் மிகுந்த பயன் தருவதாகக் கண்டனர். அதற்கு மேலும் இருந்தால் பயன் கூடும்; ஆனால் வேகம் குறையும். அந்த ஆய்வில் ஒரு நிபந்தனை இருந்தது. அந்நேரத்தில் கைபேசியில் பேசக்கூடாது, இணையம் கூடாது. மியூசியம் வட்டத்தில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு அலுவலகப் பஞ்சாயத்தைத் தீர்த்தபடி நடப்போரை நாள்தோறும் காண்கிறேன். கால்கள்தாம் அங்கே இருக்கின்றன.

மாலையில் சங்குமுகம் கடற்கரை, இரவில் மானவீயம் வீதி எனப் பிற இடங்களும் உண்டு. நாகர்கோவிலிலிருந்து நாள்தோறும் ரயிலில் வந்துபோகும் என் சக அலுவலர்கள், ‘எங்களுக்கு அந்தப் பெட்டியே மியூசியம்’ என்பார்கள். ஒரே பெட்டி, ஒரே கூட்டம், ஒரே வேடிக்கைப் பேச்சு. அதை நான் மறுக்கமாட்டேன்.

மூச்சுப் பயிற்சியைப் பற்றிச் சற்றுமுன் குறைவாகப் பேசிவிட்டதாக எண்ணவேண்டா. அதற்கு உரிய இடம் ஒன்றுண்டு; வங்கி வாடிக்கையாளர்கள் அறிய வேண்டிய இடம். ‘நாங்கள் காவல்துறை, உங்கள் பெயரில் வந்த பொதியில் போதைப்பொருள் இருக்கிறது, உங்களை டிஜிட்டல் முறையில் கைது செய்திருக்கிறோம்’ என்று மிரட்டும் அழைப்புகளைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். டிஜிட்டல் கைது என ஒன்று நம் நாட்டுச் சட்டத்தில் எங்கும் இல்லை. படித்தவர்களும் அதில் சிக்குவதற்குக் காரணம் அறியாமையன்று. அந்தப் பத்து நிமிடத்தில் அவர்களை ஆட்கொள்ளும் பதற்றம். மோசடிக்காரனின் மூலதனமே அதுதான். எனவேதான் அவன் அழைப்பைத் துண்டிக்க விடுவதில்லை. யாரிடமும் பேச விடுவதில்லை. பணம் தொடர்பான எந்த அழைப்பானாலும் உடனே துண்டியுங்கள். உட்காருங்கள். மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்கிப் பத்து முறை சுவாசியுங்கள். ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் 2023இல் வெளியான ஆய்வு, நாளொன்றுக்கு ஐந்து நிமிடம் இவ்வாறு நெடுமூச்சு விடுவது மனநிலையைச் சீராக்குவதாகக் காட்டியது. பின்பு வீட்டிலுள்ள ஒருவரிடம் சொல்லுங்கள், கிளையைக் கூப்பிடுங்கள். பணம் போய்விட்டிருந்தால் ஒரு நிமிடமும் தாழ்த்தாமல் 1930 என்னும் எண்ணில் புகார் செய்யவேண்டும். விரைந்து சொன்னால் பணத்தை இடையில் நிறுத்த வாய்ப்புண்டு. பணத்தை இழந்ததற்காக வெட்கப்பட்டு வீட்டாரிடம் மறைப்பவர்களே எங்களை மிகவும் கவலைகொள்ளச் செய்கிறார்கள். இழப்பைவிட அந்த மறைப்பு அவர்களை வருத்துகிறது.

தவணை நாளைச் சம்பள நாளுக்கு இரண்டு மூன்று நாள் பின்னதாக வைத்துக்கொள்ளுதல், மின்கட்டணத்தையும் காப்பீட்டையும் தானாகவே செலுத்தும் ஏற்பாடு, கைக்கு எட்டும் கணக்கில் ஒரு மாதச் செலவுக்கான பணம் ஆகியவற்றைப் பற்றி இவ்விதழில் முன்னரே பலர் எழுதியிருப்பதால் நான் விரித்துரைக்கவில்லை. இவற்றுள் ஒன்றை மட்டுமே செய்ய இயலும் எனில், ஒரு மாதச் செலவுப் பணத்தையே தேர்ந்தெடுங்கள்.

இங்குக் கூறியவை அனைத்தும் அன்றாட இறுக்கத்திற்கே. நடந்தும் எழுதியும் பேசியும் தீராமல், இரண்டு வாரங்களுக்கு மேல் உறக்கமின்மை, உணவில் வெறுப்பு, எதிலும் பற்றின்மை, உயிரை வெறுக்கும் எண்ணம் என்று தொடருமாயின் அது வேறு. அதற்கு மருத்துவரே வேண்டும். மத்திய அரசு 2022 அக்டோபர் 10ஆம் நாள் தொடங்கிய ‘டெலி மானஸ்’ சேவையை 14416 என்னும் எண்ணில் இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். கேரளத்தில் ‘திசா’வின் 1056 என்னும் எண்ணும் உண்டு. டெலி மானஸில் தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை.